புள்ளி நுழையாத அறை

அத்தியாயம் 4

காணாமல் போன பம்ப் ஒரு டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். அது காணாமல் போனதைக் காட்டிய டி.வி.யோ சுவரில் பாதியை அடைத்துக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியின் நிர்வாக அதிகாரி அந்த டி.வி.க்குப் பக்கத்தில் நின்ற தோரணையைப் பார்த்தால், அவர் பெற்ற பிள்ளை மேடையேறிப் பரிசு வாங்குகிறது என்றே நினைக்கத் தோன்றும். மீசைக்குச் சாயம் பூசுகிறவர். இன்று காலையில்தான் பூசியிருக்க வேண்டும். காதோரம் கொஞ்சம் மிச்சமிருந்தது. கையிலிருந்த ரிமோட்டால் திரையைக் குத்திக் குத்தி விளக்கினார். நாலு மாடி, நூற்றுச் சொச்சம் அறைகள், நடைகள், லிஃப்ட் எல்லாம் படமாக இருந்தன. அதற்குள் பச்சைப் பச்சையாகப் புள்ளிகள். ஒரு புள்ளி என்றால் ஒரு சாமான். சக்கர நாற்காலி, ட்ரிப்ஸ் ஸ்டாண்ட், ஈ.சி.ஜி. மிஷின் என்று எல்லாவற்றின் முதுகிலும் தீப்பெட்டி சைஸில் ஒரு டேக் ஒட்டியிருக்கிறது. 'நான் இங்கே இருக்கிறேன்' என்று அது சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். ஒவ்வோர் அறைக்குள்ளும் கதவுக்கு மேலே சோப்பு டப்பா மாதிரி ஒரு ரிசீவர். எந்த ரிசீவரின் காதில் அந்தக் குரல் பலமாக விழுகிறதோ, சாமான் அந்த அறையில் இருப்பதாக அர்த்தம்.

"மேப் பொய் சொல்லாதுங்க. மனுஷங்கதான் சொல்வாங்க" என்று முடித்தார் அதிகாரி.

எதிரே நாற்காலியில் மேடம். நாற்பத்தைந்து வயது, வெளுத்த பருத்திப் புடவை, தோளில் ஒரு துணிப்பை. தெருவில் அவருக்கு நூல்கண்டு என்று பெயர். ஒரு நுனி கையில் கிடைத்துவிட்டால் கடைசி முழம் வரை உருவாமல் விட மாட்டார் என்பதால் வந்தது. துப்பறிவதில் அந்த ஊரில் அவரை விட்டால் ஆளில்லை. போட்டிக்கு வேறு யாரும் அந்தத் தொழிலில் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அவருக்குப் பக்கத்தில், உட்கார்ந்தால் கால் தரையைத் தொடாத உயரத்தில் உதவியாளன் கடுகு. முப்பத்தெட்டு வயது. முன்பு சினிமா தியேட்டரில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தான். படம் பார்க்க உள்ளே போகிறவர்களிடம் கொலைகாரன் யார் என்று சொல்லி அனுப்பும் நல்ல மனசு இருந்ததால் வேலை போயிற்று. மேடத்திடம் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது.

அதிகாரி செவ்வாய்க்கிழமையை ஓட்டிக் காட்டினார். மருந்தைச் சொட்டுச் சொட்டாக அளந்து ஏற்றும் பம்ப் அது. பகல் பதினொன்று நாற்பதுக்கு மூன்றாவது மாடி நர்ஸ் மேஜையிலிருந்து புள்ளி கிளம்பியது. நடையில் ஊர்ந்தது. பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு நடைக்கோடியில் இருக்கும் துணி அறைக்குள் நுழைந்தது. மூன்று நிமிடம் அங்கேயே நின்றது. அப்புறம் அணைந்துபோனது. அவ்வளவுதான்.

துணி அறையின் சாவி ஒரே ஒருவரிடம்தான் உண்டு. பத்தொன்பது வருடமாக அந்த மாடியில் போர்வையும் படுக்கை விரிப்பும் மடித்து அடுக்குகிற ஆயா, போர்வையம்மா. உள்ளே வைத்து டேக்கைப் பிய்த்துப் போட்டுவிட்டு மிஷினைக் கடத்திவிட்டாள் என்பது அதிகாரியின் கட்சி. சாயங்காலம் ஐந்து மணிக்கு விசாரணை. இந்தப் புள்ளிகளைப் பொருத்திக் கொடுத்த ஆளையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். மேப் சரிதான் என்று அவர் எழுதிக் கொடுத்ததும் போர்வையம்மாவுக்கு வேலை போகும், போலீஸ் வரும்.

போர்வையம்மா காலையில் மேடத்தின் ஆபீசுக்கு வந்தபோது கடுகுதான் கதவைத் திறந்தான். வந்தவள் அழவில்லை. "நான் எடுக்கலம்மா. நீங்க வந்து சொன்னா நம்புவாங்க" என்று மட்டும் சொன்னாள். சொந்தத் தம்பியே வந்து நின்றாலும் ஒரு மணி நேரம் குடைந்தெடுக்கிற மேடம், அவளிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. பையை எடுத்து மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். கடுகுக்கு அது அப்போதே உறுத்தியது. ஆனால் வாயைத் திறந்தால் ஏதாவது வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்குமே என்று விட்டுவிட்டான்.

இப்போது மேடம் முதல் கேள்வியைக் கேட்டார்.

"அந்தத் துணி ரூமுக்குள்ள, இதைப் பொருத்தின நாள்லேருந்து என்னென்ன போயிருக்குன்னு காட்ட முடியுமா?"

காட்ட முடியும் என்பதில் அதிகாரிக்கு ஒரே பெருமை. ரிமோட்டை அழுத்தினார். எட்டு மாதக் கதை வரிசையாகக் கொட்டியது. சக்கர நாற்காலி நாற்பத்தோரு தடவை. ட்ரிப்ஸ் ஸ்டாண்ட் நூற்றுக்கும் மேலே. ஈ.சி.ஜி. மிஷின் ஒன்பது தடவை. ஒரு ஸ்ட்ரெச்சர் ஒன்றரை நாள் உள்ளேயே தங்கியிருந்தது.

அதிகாரியின் மீசை துடித்தது. எட்டு மாதமாகவே திருடியிருக்கிறாள் பாருங்கள் என்றார்.

"அந்த ரூம் எவ்வளவு பெருசு?" என்றார் மேடம்.

ஆறடிக்கு எட்டடி, மூன்று பக்கமும் அலமாரி என்று பதில் வந்தது.

"ஸ்ட்ரெச்சரே ஏழடி இருக்குமே சார்" என்றான் கடுகு. "அதையும் நாலா மடிச்சு அடுக்கிட்டாங்க போல. அவங்க கைப்பழக்கம் அப்படி."

அதிகாரி அவனைப் பார்த்த பார்வையை இங்கே எழுதுவது நாகரிகமாக இருக்காது.

மேடம் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். துணி அறையை ஒட்டியிருப்பது என்ன அறை? 309, நோயாளி தங்கும் அறை. அதற்குள் எட்டு மாதத்தில் என்னென்ன போயிருக்கிறது? அதிகாரி அழுத்தினார். திரை வெறுமையாக நின்றது. மறுபடி அழுத்தினார். ரிமோட்டைத் தட்டிவிட்டு அழுத்தினார். ஒரு நாற்காலி இல்லை, ஒரு ஸ்டாண்ட் இல்லை. எட்டு மாதத்தில் ஒரு புள்ளிகூட அந்த அறைக்குள் போகவில்லை.

அறை காலியாகக் கிடந்ததா என்றால் அதுவும் இல்லை. ஒரு நாள்கூடக் காலியாக இருந்ததில்லை. இந்தச் செவ்வாய்க்கிழமைதான் கூரையில் தண்ணீர் ஒழுகியது என்று நோயாளியை அவசரமாக வேறு மாடிக்கு மாற்றிவிட்டுப் பூட்டியிருக்கிறார்கள். சாவி பராமரிப்பு மேஸ்திரியிடம். அவர் பெயின்ட் வாங்கப் போயிருக்கிறார், நாலு மணிக்கு வருவார். பூட்டுவதற்கு முன் அங்கே தேடினீர்களா என்று கேட்டதற்கு, மேப்பில்தான் அங்கே எதுவுமே இல்லையே, எதற்குத் தேட வேண்டும் என்று திருப்பிக் கேட்டார் அதிகாரி.

"எட்டு மாசமா ஒருத்தருக்கும் ட்ரிப்ஸ் ஏறல, ஒருத்தரும் சக்கர நாற்காலில போகல. எல்லாரும் துள்ளிக் குதிச்சு வீட்டுக்குப் போயிருக்காங்க" என்றான் கடுகு. "எனக்கு ஏதாவது ஒண்ணுன்னா அந்த ரூம்லயே போட்டுடுங்க மேடம்."

இந்த மாதிரி நேரத்தில் மேடத்தின் உதட்டில் ஒரு ஓரம் மட்டும் அசையும். கடுகுக்கு மாதச் சம்பளத்துக்கு அடுத்தபடி அதுதான். இன்றைக்கு அது அசையவில்லை. மேடம் திரையில் இருந்த காலிக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

*

லிஃப்ட் வேண்டாம் என்று படியேறினார்கள். இரண்டாவது மாடி தாண்டியதும், மூன்றாவதுக்குத் திரும்புகிற வளைவில் மேடம் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நீ போய்ப் பாத்துட்டு வா. டப்பா எங்க மாட்டியிருக்கு, எப்படி மாட்டியிருக்கு, எல்லாம்."

மூட்டுக்கு எண்ணெய் போட வேண்டிய வயசு வந்துவிட்டது என்று முணுமுணுத்துக்கொண்டே கடுகு மேலே போனான். காதில் விழும்படிதான் முணுமுணுத்தான். வழக்கமாக இதற்கு ஒரு சூடான பதில் வரும். இன்று மேடம் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டதோடு சரி.

மூன்றாவது மாடி நடை டெட்டால் வாசனையோடு நீண்டு கிடந்தது. கடைசியில் துணி அறை. விசாரணை வரைக்கும் அங்கேயே இரு என்று போர்வையம்மாவை உட்கார வைத்திருந்தார்கள். திருடி என்று சொல்லியாகிவிட்டது, ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. விரிப்பை உதறி, ஓரத்தோடு ஓரம் சேர்த்து, மடித்து, அடுக்கிக்கொண்டிருந்தாள். கடுகைப் பார்த்ததும் அவன் தலைக்கு மேலே எட்டிப் பார்த்தாள். அதற்கு அவள் சிரமப்பட வேண்டியிருக்கவில்லை.

"அவங்க வரலியா?"

கீழே படியில் உட்கார்ந்திருக்கிறார்கள், முட்டி வலி என்று கடுகு சொன்னான்.

"முட்டி வலியா" என்று போர்வையம்மா விரிப்பைப் பார்த்துச் சொன்னாள். "பரவால்ல. வராட்டி பரவால்ல."

கடுகு ஒவ்வோர் அறையாகத் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டு வந்தான். 301, 302, 303. எல்லாவற்றிலும் டப்பா உள்ளே, கதவுக்கு நேர் மேலே, கூரையிலிருந்து ஒரு சாண் கீழே, ஒரு நூல் சாயாமல் இருந்தது. பக்கத்தில் நீல மசியில் தேதி போட்டு ஒரு கையெழுத்து. பொருத்திய ஆள் டப்பாவுக்கு டப்பா ரசமட்டம் வைத்துப் பார்த்துத்தான் திருகை முடுக்கினாராம். குமிழி நடுவில் வந்து நிற்காவிட்டால் கழற்றிவிட்டு மறுபடி மாட்டுவாராம். அதனால் மாடி முழுக்க அவருக்கே ரசமட்டம் என்று பெயர் விழுந்துவிட்டது என்றாள் போர்வையம்மா.

309 பூட்டியிருந்தது. ஆனால் அதன் டப்பாவைத் தேட உள்ளே போக வேண்டிய அவசியமே இல்லை. வெளியே, நடைச் சுவரில், 309-ன் கதவுக்கும் துணி அறையின் கதவுக்கும் நடுவில் மாட்டியிருந்தது. அதுவும் துணி அறைப் பக்கமாக ஒரு கை தள்ளி. 309-க்குள் எது போனாலும் அதன் குரல் இந்தக் காதைவிடப் பக்கத்துத் துணி அறையின் காதில்தான் பலமாக விழும். கடுகுக்கே புரிந்துவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

போனில் மேடத்திடம் சொன்னான்.

"மட்டமா இருக்கா?"

"அதெல்லாம் அம்சமா இருக்கு. கையெழுத்து மட்டும் இல்ல."

"ஆபீஸ்ல போய் டெஸ்டிங் ஃபைலை வாங்கிட்டு வா."

கிளம்பியவனைப் போர்வையம்மா கூப்பிட்டாள். "தம்பி, அந்த ரசமட்டத்தை எதுவும் கேக்காதீங்க. பாவம் அவரு. என் வேலை போனா போகுது."

கடுகின் மூக்கு விடைத்தது. வேலை போனாலும் பரவாயில்லை, அவரைக் கேட்காதே என்றால் என்ன அர்த்தம்? ஆயாவுக்கும் ரசமட்டத்துக்கும் நடுவில் என்னமோ இருக்கிறது. படியிறங்கி அதிகாரியின் அறைக்குப் போய் ஃபைலை வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் அவன் மனசுக்குள் அந்த இரண்டு பேருக்கும் கல்யாணமே பண்ணி வைத்துவிட்டான்.

ஃபைல் தலையணை கனம் இருந்தது. மேடம் அதை மடியில் வைத்துப் புரட்டினார். டப்பாக்களை மாட்டினால் மட்டும் போதாதாம். பொருத்தியவர் ஒரு டேக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் அறைக்குள்ளும் நடக்க வேண்டும். நாலு மூலையிலும் மூலைக்கு ஒரு நிமிடம் நிற்க வேண்டும். குரல் எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்று மிஷின் எண் எண்ணாகக் குறித்துக்கொள்ளும். அறையின் நீள அகலம் அதற்கு அப்படித்தான் பழக்கமாகிறது. நூற்றுச் சொச்சம் அறையிலும் ரசமட்டம் அப்படியே நடந்திருந்தார். 301, நாலு மூலை, நாலு நிமிடம். 302, நாலு மூலை, நாலு நிமிடம்.

மேடத்தின் விரல் ஒரு வரியில் நின்றது. விரலுக்கு மேலே குனிந்து கடுகும் படித்தான்.

'309 வாசல். 22 நிமிடம்.'

அதற்குக் கீழே 309-ன் நாலு மூலைக்கான எண்களும் இருந்தன. முந்தைய பக்கத்தை எடுத்துப் பார் என்றார் மேடம். 308-ன் எண்கள். புள்ளிக்கு அப்புறம் வருகிற எண் வரை அச்சு அசலாக அதேதான். ரசமட்டம் 309-க்குள் கால் வைக்கவே இல்லை. வாசலில் இருபத்திரண்டு நிமிடம் நின்றுவிட்டு, பக்கத்து அறையைப் பார்த்துக் காப்பி அடித்துவிட்டுப் போயிருக்கிறார்.

கடுகு படியில் இரண்டு சுற்று சுற்றி வந்தான். கேஸ் முடிந்தது என்றான். எட்டு மாதத்துக்கு முன்பே திட்டம் போட்டு ஓர் அறையைக் குருடாக்கி வைத்திருக்கிறான். இருபத்திரண்டு நிமிடம் நின்று நோட்டம் விட்டிருக்கிறான். அந்த அறைக்குள் எதைக் கொண்டுபோய்க் கடத்தினாலும் மேப்பில் தெரியாது. ஆயாவும் கூட்டு, இல்லாவிட்டால் எதற்கு அவனைக் கேட்காதே என்கிறாள்?

"சாயங்காலம் விசாரணைக்கு வரத்தானே போறான் மேடம். வரட்டும். ஏணியில ஏறினவனை எப்படி இறக்கறதுன்னு எனக்குத் தெரியும்."

மேடம் ஃபைலை மூடினார். பிறகு கைப்பிடியைப் பிடித்து எழுந்தார்.

"நானும் மேல வரேன்" என்றார்.

பதினோரு படிதான் பாக்கி. கடுகு எண்ணினான். மேடம் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து ஏறினார். முட்டியைப் பற்றி ஒரு நல்ல ஜோக் அவன் நாக்கு நுனியில் இருந்தது. ஏனோ விழுங்கிவிட்டான்.

*

ரசமட்டம் நாலேகாலுக்கு வந்தார். தோளில் மடக்கு ஏணி, கையில் கருவிப்பை, பை வாயில் அந்த மஞ்சள் ரசமட்டம் துருத்திக்கொண்டிருந்தது. ஐம்பது தாண்டிய ஒல்லி மனிதர். சட்டையில் மேலிருந்து இரண்டாவது பொத்தான் வேறு நிறத்தில் இருந்தது. நடைக்கோடியில் நின்ற மூன்று பேரைப் பார்த்ததும் நடை தளர்ந்தது. மேடத்தைப் பார்த்ததும் நின்றேவிட்டார்.

கடுகு முந்திக்கொண்டான். ஃபைலை விரித்துப் பிடித்து, கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டான். எல்லா அறைக்குள்ளும் மாட்டிய டப்பா இங்கே மட்டும் ஏன் வெளியே? எல்லா இடத்திலும் போட்ட கையெழுத்து இங்கே மட்டும் ஏன் இல்லை? 308-ன் எண்ணை எதற்குத் தூக்கி இங்கே போட்டீர்? இருபத்திரண்டு நிமிடம் இந்த வாசலில் நின்று எதை அளந்தீர்? தியேட்டரில் அவன் எத்தனையோ வில்லன்கள் இந்த இடத்தில் சிரிப்பதைப் பார்த்திருக்கிறான். ரசமட்டம் சிரிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. தோளிலிருந்த ஏணியை இறக்கிச் சுவரில் சாய்த்தார். அது சரியாகச் சாய்ந்திருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

"தப்புதான்" என்றார். "என் தப்புதான்."

"அப்ப ஒத்துக்கறீங்க" என்று கடுகு ஆரம்பித்தபோதுதான் மேடம் பேசினார். ஆறு மாதத்தில் அந்தக் குரலை அவன் கேட்டதே இல்லை. ஏழெட்டு வயசுப் பெண் குரல் மாதிரி இருந்தது.

"மாமா."

கடுகு வாயை மூடினான். அது தானாகவே மூடிக்கொண்டது.

ஊருக்கெல்லாம் தெரிந்த விஷயம் அவனுக்கு மட்டும் தெரியாமல் போனதற்குக் காரணம், அவன் வருவதற்கு முன்பே எல்லோரும் அதைப் பேசி முடித்துவிட்டிருந்ததுதான். மேடத்துக்கு ஓர் அக்கா இருந்தாள். அம்மா இல்லாத வீட்டில் தலை பின்னிவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, தங்கையை ஆளாக்கியவள். பதினோரு மாதத்துக்கு முன்பு இதே 309-ல், நாற்பது நாள் படுத்திருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். கடைசி நேரத்தில் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது தங்கைதான். புருஷனை உள்ளே காணோம். மறுநாளிலிருந்து மேடம் அக்கா புருஷனோடு பேசுவதில்லை. பெண்டாட்டி சாகிற நேரத்தில் ஓடிப்போன ஆள் என்று ஒரே ஒரு தடவை சொன்னாராம். அப்புறம் அதையும் சொல்வதில்லை. அந்த வீட்டு வாசலைக் கடக்க வேண்டியிருந்தால் அடுத்த தெருவைச் சுற்றிப் போவார்.

"ஏணியைத் தூக்கிட்டு வந்தேன்" என்றார் ரசமட்டம். கடுகைப் பார்த்துத்தான் சொன்னார்; மேடத்தைப் பார்க்கவில்லை. "எல்லா ரூமும் முடிச்சாச்சு. இது ஒண்ணுதான் பாக்கி. கைப்பிடியில கை வெச்சேன். உள்ள யாரோ இருமினாங்க. வேற யாரோ. அவ இல்லன்னு எனக்குத் தெரியாதா? தெரியும். கையைத் திருப்ப முடியல."

"இருபத்திரண்டு நிமிஷம் நின்னிருக்கீங்க" என்றார் மேடம்.

அவர் இப்போது திரும்பினார். "அவ்வளவு நேரமா?"

"மிஷின்ல இருக்கு."

"ஒரு நிமிஷம் நின்னேன்னு நெனச்சேன்."

துணி அறை வாசலில் போர்வையம்மா, மடித்த விரிப்பொன்றை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். பத்தொன்பது வருடமாக அந்த நடையில் நடப்பதையெல்லாம் பார்த்தவள், பார்த்ததைப் பேசாதவள். கடுகுக்கு நேர் எதிர் ஜாதி.

"அன்னிக்கும் இதே இடத்துலதான் நின்னாரும்மா" என்றாள்.

மேடம் அவள் பக்கம் திரும்பினார்.

"அக்கா போன அன்னிக்கு. நீங்க உள்ள இருந்தீங்க. இவரு இந்தக் கைப்பிடியைப் புடிச்சுக்கிட்டு வெளிய நின்னாரு. காலையிலேருந்து. நான் ஸ்டூல் கொண்டாந்து போட்டேன், உக்காரல. எங்கயும் போகலம்மா. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன். நீங்க கேக்கல."

ஊரில் உள்ளவர்களை எல்லாம் நிற்க வைத்துக் கேள்வி கேட்டுப் பிழைக்கிற மனுஷி, பதினோரு மாதமாக இந்த ஒரு கேள்வியை யாரிடமும் கேட்கவில்லை. இரண்டு அங்குலப் பலகைக் கதவு. அதற்கு அந்தப் பக்கம் ஒருத்தி, இந்தப் பக்கம் ஒருத்தர். மேடம் கதவை உற்றுப் பார்த்தார். கைப்பிடி பித்தளை, பிடித்துப் பிடித்து ஒரு பக்கம் மட்டும் வெளுத்திருந்தது. கடுகு தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"உள்ள வந்திருக்கலாமே மாமா. உங்களைத்தான் கேட்டா."

"கேட்டுது" என்றார் அவர். "வெளிய வரைக்கும் கேட்டுது."

பராமரிப்பு மேஸ்திரி சாவிக் கொத்தைக் குலுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். பூட்டைத் திறந்து கதவைத் தள்ளினார். உள்ளேயிருந்து ஈரச் சுண்ணாம்பு வாசனை வந்தது. யாரும் அசையவில்லை. எல்லோரும் தன்னையே பார்க்கிறார்கள் என்று புரிந்ததும் கடுகு உள்ளே போனான். தண்ணீர் ஒழுகிய கூரை, உறை போட்டு மூடிய கட்டில், ஜன்னல் ஓரம் ஓர் இரும்பு பீரோ. பீரோவைத் திறந்தான். மேல் தட்டில் பம்ப் உட்கார்ந்திருந்தது. அதன் மேல் ஒட்டியிருந்த சீட்டில், 'தண்ணி சொட்டுது, நனையாம உள்ள வெச்சிருக்கேன்' என்று நர்ஸ் ஒருத்தியின் அவசரக் கையெழுத்து. அவள் மறுநாளே கல்யாண லீவில் போய்விட்டாள் என்று மேஸ்திரி சொன்னார். இரும்பு பீரோவைச் சாத்தினால் டேக்கின் குரல் வெளியே வராது. அவ்வளவுதான் சங்கதி. திருட்டே இல்லை.

கடுகு பம்பைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்ததும் போர்வையம்மா அதை வாங்கவில்லை, தொடவும் இல்லை. கையிலிருந்த விரிப்பைப் பிரித்து, மறுபடி மடித்தாள். அது ஏற்கெனவே நன்றாகத்தான் மடிந்திருந்தது.

மேடம் பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். எடுத்துவிட்டு நீட்டாமல் வைத்திருந்தார். "டப்பா விஷயத்தை எழுதிக் கொடுத்தா உங்க வேலை போகும்" என்றார். "பீரோவைச் சாத்தினது மட்டும்தான் காரணம்னு நான் சொல்லிடறேன். அவங்க நம்புவாங்க."

"துணி ரூம்ல புள்ளி ஏன் வந்துச்சுன்னு அந்த அதிகாரி நாளைக்குக் கேப்பான். இந்தம்மா தலையில மறுபடி விழும்." அவரே கையை நீட்டித் தாளை வாங்கினார். சுவரில் வைத்து எழுதினார். இரண்டே வரி. '309-க்குள் நான் போகவில்லை. டப்பாவை வெளியே மாட்டிவிட்டு எண்களை மாற்றிப் போட்டேன்.' கீழே தேதி, நீல மசியில் கையெழுத்து. பிறகு நடைச் சுவரில் இருந்த டப்பாவைக் கழற்றினார். ஏணியைத் தூக்கி 309-ன் வாசல்படி வரை கொண்டுவந்து வைத்தார். அங்கே நின்றுவிட்டார்.

மேடம் பக்கத்தில் வந்து ஏணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ கீழ போ" என்றார் கடுகிடம், திரும்பாமல். "அந்த அதிகாரியோட இரு. மேப் சரியா வருதான்னு பாத்துச் சொல்லு."

*

பம்பை மேஜை மேலே வைத்து, நர்ஸின் சீட்டையும் ரசமட்டத்தின் தாளையும் பக்கத்தில் வைத்தான் கடுகு. அதிகாரி மூன்றையும் மாறி மாறிப் பார்த்தார். போர்வையம்மா மேல் குற்றம் இல்லை என்று எழுத அவருக்கு ஒரு வரி போதுமாயிருந்தது. அந்த ஒரு வரிக்குப் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டார். ரசமட்டத்தின் கம்பெனிக்கு எழுதிய கடிதம் மட்டும் மளமளவென்று ஓடியது. நாளையிலிருந்து அந்த ஆள் இந்த வாசலை மிதிக்கக் கூடாது என்பது அதன் சாராம்சம்.

"உள்ள போகாம ஏமாத்தியிருக்கான். ஏன் போகலையாம்?"

வேறு நாளாக இருந்தால் இந்தக் கேள்விக்குக் கடுகு ஏழு பதில் சொல்லியிருப்பான். உள்ளே ஈரம் சார் என்று மட்டும் சொன்னான்.

மேலே எங்கோ ட்ரில் சத்தம் கேட்டது. நின்றது. சுவரில் திரை லேசாக மினுங்கியது. 309 என்று போட்ட காலிக் கட்டத்துக்குள், எட்டு மாதத்தில் முதல் தடவையாக, ஒரு பச்சைப் புள்ளி நுழைந்தது.

கதவோர மூலையில் நின்றது. ஒரு நிமிடம். ஜன்னல் மூலைக்கு ஊர்ந்தது. ஒரு நிமிடம். பீரோ இருந்த மூலை. கடைசி மூலை. கடுகு கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். விநாடி பிசகவில்லை. ரசமட்டம் வேலையென்றால் வேலைதான்.

நாலு மூலையும் முடிந்தது. புள்ளி வெளியே வர வேண்டும். வரவில்லை. மெல்ல அறையின் நடுப்பக்கம் நகர்ந்தது. கட்டில் போட்டிருந்த இடம். தலைமாட்டுப் பக்கம் போய் நின்றது.

ஒரு நிமிடம் ஆயிற்று. ஐந்து நிமிடம் ஆயிற்று. மேப்பில் ஒரே ஒரு புள்ளிதான். டேக் இல்லாத ஆளை அது காட்டாது. அந்த இடத்தில் இரண்டு பேர் நிற்கிறார்கள் என்பது கடுகுக்குத் தெரியும்.

அதிகாரி கடிதத்தை மடித்துவிட்டுத் தலை நிமிர்ந்தார். "நாலு மூலையும் முடிஞ்சுதே. இன்னும் அங்க என்ன பண்றான்?"

"டெஸ்டிங் சார்" என்றான் கடுகு.

எழுந்துபோய் டி.வி.க்கு முன்னால் நின்றுகொண்டான். அது சுவரில் பாதி. அவன் சின்ன ஆள். அவன் முதுகால் மறைக்க முடிந்தது ஓர் அறையை மட்டும்தான்.